ஒன்பதாவது பவர் பேங்க்

வளைகுடாவில் இருபத்திரண்டு வருடம் சும்மா நின்றுவிட்டு வந்தவர் அவர். இதை நான் சொல்லவில்லை, அவருடைய மனைவியே சொல்வார். எண்ணெய்க் கம்பெனியில் ஒருவர் வெல்டிங் வைப்பார், பொறி பறக்கும். இவர் பக்கத்தில் தீயணைக்கும் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு எங்கேயாவது தீப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அந்த வேலைக்கு அங்கே ‘ஃபயர் வாட்ச்’ என்று பெயர். வேறு எதையும் தொடக் கூடாது. பக்கத்திலிருப்பவருக்கு ஒரு ஸ்பானரை எடுத்துக் கொடுத்தால்கூட வேலை போய்விடுமாம். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கண்முன்னே ஒரு தீகூடப் பிடித்ததில்லை. அதைச் சொல்லும்போது அவருக்கு நெஞ்சு நிமிரும். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும்.

நான் அப்போது தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். அவர் வீட்டை ஒட்டியிருந்த சின்ன வீட்டில் வாடகைக்குத் தனியாக இருந்தேன். நான் அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை மைனி என்றும் கூப்பிட்டேன். அவருக்கு நான் டீச்சர். கறுத்து, ஒல்லியாக, எப்போதும் கால்களைச் சற்று அகட்டி நிற்பார். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். “இரிங்க அண்ணே” என்று நாலு முறை சொன்னாலும், “இருந்தா கண்ணு தாழ்ந்துபோவும் டீச்சரே” என்பார்.

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் பின்வாசல் எங்கே என்று பார்ப்பார். நான் குடிவந்த அன்று அவர் லீவில் ஊருக்கு வந்திருந்தார், பால் காய்ச்சிக் கொடுத்தேன். டம்ளரை வாங்காமல் கேட்டார். “இந்த அடுப்புல தீ கேறிப்பிடிச்சா எந்த வழியாட்டு ஓடுவிய?” எனக்குத் தெரியவில்லை. அறிவியல் டீச்சருக்கே தெரியவில்லை என்பதில் அவருக்கு நிஜமான வருத்தம். என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் இரண்டு வழி காட்டிவிட்டுத்தான் ஆறிப்போன பாலைக் குடித்தார்.

எங்கள் கிறிஸ்தவ சபையில் வருடத்துக்கு ஒருநாள் அசனம் நடக்கும். சபையார் அத்தனை பேரும் கோவில் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற விருந்து அது. மண்ணில் குழி வெட்டி, பெரிய பெரிய வார்ப்புகளில் சோறும் குழம்பும் கொதிக்கும். ஆண்கள் எல்லோருக்கும் ஒவ்வொரு வேலை ஒதுக்குவார்கள். தேங்காய் துருவ, வெங்காயம் நறுக்க, இலை போட என்று பட்டியல் வாசிப்பார்கள். லீவில் வந்திருக்கிற வருடங்களில் இவருக்கு எந்த வேலையும் கொடுக்க வேண்டாம். தானாகவே ஒரு வாளி மணலோடு வந்து அடுப்புகளுக்கு முன்னால் நின்றுகொள்வார். ஒரு வருடம் சமையல்காரருக்குப் பொறுமை போய்விட்டது. “அண்ணாச்சி, இது எரியதுக்குன்னே வச்சிருக்க தீயாக்கும். பாத்துப் பாத்து அணைச்சிப் போடாதிய” என்றார். சாப்பாடு முடிந்து, இலை எடுத்து, வார்ப்பு கழுவி எல்லோரும் கிளம்பினார்கள். அடுப்புகளைத் தண்ணீர் ஊற்றி அணைத்தாயிற்று. அதன் பிறகும் அவர் நனைந்த சாம்பலைப் பார்த்துக்கொண்டு அரை மணிநேரம் நின்றார். வேலை முடிந்த பிறகு அரை மணிநேரம் நிற்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். அந்தச் சட்டம் கடல் தாண்டி எங்கள் கோவில் முற்றத்துக்கும் வந்துவிட்டது.

இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பதற்கென்றே தெருவில் ஒருவர் இருந்தார். மைனியின் மூத்த அண்ணன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து மூன்று வருடம். பிள்ளைகள் வெளிநாட்டில். தெருக்கோடி வீட்டில் ஒற்றை ஆளாக இருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கண்டக்டர் மச்சானுக்குக் குரல் பஸ்ஸின் கடைசி சீட்டு வரை போகும். “நானும் நின்னுகிட்டேதான்லே சம்பளம் வாங்கினேன். எனக்க முன்னால நின்னவனுக்கு ஒரு டிக்கெட்டாவது கிழிச்சுக் குடுத்தேன். நீ நின்னு என்னத்தலே கிழிச்ச?” என்பார். அண்ணனோ, மச்சானின் வேட்டி நுனி அடுப்புப் பக்கம் கிடந்தால் அதை மட்டும் குனிந்து நகர்த்தி வைப்பார்.

வளைகுடாவிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வருகிறவர் தெருவில் வீட்டுக்கு ஒரு பொருள் கொடுக்க வேண்டும். யாரும் எழுதிவைத்த விதியில்லை. கொடுக்காதவர் வீட்டுப் பேரைச் சொல்லும்போது மட்டும் தெருவார் குரலில் ஒரு இழுவை வந்துவிடும். சோப்பு, தைலம், டார்ச் லைட், கம்பளி என்று காலத்துக்கு ஏற்ப அந்தப் பொருள் மாறிக்கொண்டு வந்திருக்கிறது. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் ஒரு ரப்பர் கிளை ஒடிந்து கம்பியில் விழுந்தால் இரண்டு நாளைக்குக் கரண்ட் இருக்காது. அண்ணன் அதை யோசித்து, ஒன்பது வீட்டுக்கு ஒன்பது பவர் பேங்க் கொண்டுவந்தார். கறுப்பு நிறம், உள்ளங்கை அளவு, மேலே ‘இருபதாயிரம்’ என்று வெள்ளி எழுத்து.

அவற்றை வாங்கிய கதையை என்னிடம் ஆசையாகச் சொல்லியிருக்கிறார். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், ஒரு சந்தில் இருந்த கடை. பெட்டி பெட்டியாகக் குவித்து வைத்திருந்தார்கள். இவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இந்தக் கையிலும் அந்தக் கையிலுமாகத் தூக்கிப் பார்த்திருக்கிறார். லேசாக இருந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, நல்ல கனமாக இருந்த ஒன்பதைப் பொறுக்கி எடுத்தார். தேங்காயைத் தூக்கிப் பார்த்து வாங்குகிற ஊரில் பிறந்தவர் வேறு எப்படி வாங்குவார்? கடைக்காரன் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான் என்றும் சொன்னார். தன் சாமர்த்தியத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று நினைத்திருக்கிறார்.

கொடுத்ததையும் சும்மா கொடுக்கவில்லை. வீட்டுக்குப் பத்து நிமிடம் பிரசங்கம். மெத்தையில் வைத்துச் சார்ஜ் போடக் கூடாது, தலையணைக்கு அடியில் வைக்கக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது, கீழே போட்டால் மறுபடி பயன்படுத்தக் கூடாது. கண்டக்டர் மச்சான் பாதியிலேயே கையைக் கூப்பிவிட்டார். “எனக்கு ஞானஸ்நானம் குடுக்கப்ப போதகருகூட இவ்வளவு சொல்லல்ல மச்சான்.”

ஏழெட்டு மாதத்தில் என்னுடையது மக்கர் பண்ண ஆரம்பித்தது. இருபதாயிரம் என்று எழுதியிருந்தாலும் என் போனைப் பாதி நிரப்புவதற்குள் உயிரை விட்டுவிடும். சார்ஜ் போட்டால் தொட முடியாத சூடு. உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாமென்று ஒரு சனிக்கிழமை காலை அடுக்களை மேசையில் அதை வைத்து, காய் நறுக்கும் கத்தியை அதன் விளிம்பில் கொடுத்தேன்.

“டீச்சரே, நில்லுங்க.”

ஜன்னலுக்கு வெளியே அண்ணன். முருங்கைக் கீரை பறிக்க வந்தவர், பறித்த கீரையைக் கீழே போட்டுவிட்டு நின்றார்.

“உங்களுக்கும் அந்த கேஸ் சிலிண்டருக்கும் எத்தன அடி இருக்கும்?”

“மூணு இருக்கும் அண்ணே.”

“கையில என்னது?”

“கத்தி.”

“இரும்பா?”

“இரும்பு.”

“வளையல் போட்டிருக்கியளா?”

“ரெண்டு.”

அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் பண்ணினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு, “கத்திய பைய வெளிய எடுங்க. அதுக்க வயித்துல குத்திராதிங்க. குத்தினா அது உங்க பேச்சும் கேக்காது, எனக்க பேச்சும் கேக்காது” என்றார்.

அன்றைக்குத் திறக்க விடவில்லை. முதலில் அதைத் தரையோட்டின் மேல் வைத்து ஆடுகிறதா என்று பார்த்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி வைத்துக் குனிந்து பார்த்தார். உள்ளே இருக்கிற செல் ஊதிப் பெருத்திருந்தால் அடிப்பக்கம் உப்பி, வைத்த இடத்தில் ஆடும். ஆடினால் திறக்கிற பேச்சே கிடையாது, நேரே மணல் சட்டிக்குள் போட்டு, பழைய பேட்டரி எடுக்கிற இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான். என்னுடையது ஆடவில்லை. அடுத்து, அதில் மிச்சமிருக்கும் கரண்டை வடிக்க வேண்டும். ஒரு சின்ன விளக்கை அதில் சொருகி வெளியே துணி துவைக்கிற அலக்குக்கல்லின் மேல் வைத்தார். விளக்கு அணையும்வரை மூன்று முறை வந்து பார்த்தார். அணைந்ததும் மறுபடி சொருகி, மறுபடி எரியவில்லை என்று உறுதி செய்துகொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அண்ணே, பிரேதப் பரிசோதனைக்கு முன்னால இவ்வளவு பாப்பாங்களா?” என்றேன். “அதுக்கு செத்தவன் திரும்ப எழும்ப மாட்டான். இது எழும்பும்” என்றார்.

மறுநாள் கோவில் விட்டு வந்ததும் வேலை தொடங்கியது. முற்றத்தில் வீட்டிலிருந்து நன்றாகத் தள்ளி ஓர் இடம் பார்த்தார். சருகு, ஓலை, துடைப்பக் குச்சி எல்லாவற்றையும் தூத்து எடுத்தார். ஒரு தரையோட்டைப் போட்டு, பக்கத்தில் மணல் வாளியை வைத்தார். மணலை முந்தின நாளே வெயிலில் உலர்த்தி, கல் பொறுக்கி, சல்லடையில் அரித்திருந்தார். “எனக்கு ஒரு நாளு அரிசி அரிச்சித் தந்ததில்ல. சவம் மண்ணுக்கு யோகத்தப் பாருங்க டீச்சர்” என்றார் மைனி. கொஞ்ச நேரத்தில் மைனியே மறுபடி என்னிடம் வந்து, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு, “உங்க நைட்டி தீ பட்டா உருகுத துணியாம். பருத்தியில ஏதாவது உடுத்திட்டு வரச் சொல்லுகாரு. நேர சொல்லதுக்கு வெக்கம்” என்றார். நான் போய்ப் பருத்திச் சேலை கட்டிக்கொண்டு வந்தேன். வளையலையும் மோதிரத்தையும் கழற்றினேன். கம்பெனியில் அவர் போட்டிருந்த பெரிய கண்ணாடியை என் முகத்தில் மாட்டினார்கள்.

“ஆரம்பிங்க அண்ணே” என்றேன்.

“நானா? நான் பாத்துட்டு நிக்கதுக்கு.”

“அப்ப திறக்கது யாரு?”

“நீங்கதான். ரெண்டு வேலையும் ஒரே ஆளு பாக்கப்பிடாது டீச்சரே. திறக்கவனுக்கு திறக்கதுல கண்ணு. நிக்கவனுக்கு மத்த எல்லாத்துலயும் கண்ணு.”

ஆக, இவ்வளவு ஏற்பாட்டுக்கும் சொந்தக்காரர் வாளியோடு நிற்க, நான் குத்தவைத்து உட்கார்ந்தேன். கத்தி கிடையாது, ஸ்க்ரூ டிரைவரும் கிடையாது. செல்லாமல் போன பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்றைக் கொடுத்தார். அதை விளிம்பில் நுழைத்து, உள்ளே ஆழமாகப் போகாமல், ஓரமாகவே நகர்த்திக்கொண்டு போக வேண்டும். “பைய... பைய... ஓரத்தோட போங்க... நடுவுல எட்டிப் பாக்காதிய... மூச்சு விடுங்க டீச்சரே, மூச்சு விடலாம்.” கிளிப் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு விட்டது. கடைசியில் மூடி கையோடு வந்தது.

உள்ளே நாலு உருளை செல்கள் வரிசையாக இருந்தன. குனிந்து பார்த்தேன். பச்சைப் பலகையிலிருந்து வந்த சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் ஒரே ஒரு செல்லில்தான் போய் ஒட்டியிருந்தன. மற்ற மூன்றுக்கும் எந்த ஒயரும் இல்லை, சும்மா பசை வைத்து உட்கார்த்தியிருந்தார்கள். அதில் ஒன்றின் தலைமூடி கழன்றிருந்தது. பெட்டியைச் சற்றுச் சாய்த்தேன். அதிலிருந்து வெள்ளை வெள்ளையாக என்னமோ தரையோட்டில் கொட்டியது. விரலால் தொட்டுப் பார்த்தேன். மணல்.

நான் சிரித்தேன். கண்ணாடி ஆவி பிடிக்கிற அளவுக்குச் சிரித்தேன். அவர் தூக்கித் தூக்கிப் பார்த்துப் பொறுக்கிய கனம் அத்தனையும் மணல். “அண்ணே, உங்க வாளியில இருக்கதவிட நல்ல மணலு அண்ணே” என்றுகூடச் சொன்னேன். சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ஆனால் வேலை பாதியில் நிற்கவில்லை. அவர் குரல் மட்டும் இறங்கியிருந்தது. “ரெண்டு ஒயரையும் சேத்து வெட்டப்பிடாது. மொதல்ல ஒண்ணு. வெட்டின நுனியில டேப்பு சுத்துங்க. பொறவு அடுத்தது.” வெட்டினேன், சுற்றினேன். உயிருள்ள அந்த ஒற்றைச் செல்லைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். மேலே புதுத் தாள் சுற்றியிருந்தது, அதன் அடியில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. ஏதோ குப்பையில் கிடந்த பழைய செல்லுக்குப் புதுச் சட்டை மாட்டியிருக்கிறார்கள். சார்ஜ் அதிகம் ஏறினால் நிறுத்துவதற்குப் பலகையில் ஒரு பாகம் இருக்க வேண்டும், அதுவும் இல்லை. “செல்ல மட்டும் ஒரு நாளும் வெட்டிப் பாக்காதிய” என்று சொல்லி, அதை மணல் சட்டிக்குள் வைக்கச் சொன்னார். பிறகு அரை மணிநேரம் நின்றார். நான் காப்பி போட்டு வந்து கொடுத்தேன், வாங்கவில்லை.

அரை மணிநேரம் முடிந்ததும் சொன்னார். “ஒம்பது வீடு டீச்சரே. தீ வரப்பிடாதுன்னு இருவத்திரெண்டு வருசம் நின்னேன். இப்பம் எனக்க கையால ஒம்பது வீட்டுல கொண்டு வச்சிருக்கேன்.”

மைனி பதறிப்போனார். “யாருட்டயும் சொல்லாண்டாம். பழசாயி அவியளே தூரப் போட்டுருவினும். கனம் பாத்து வாங்கினேன்னு இனி தெரு முழுக்க நாறணுமா?” உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் புத்தியாகப் பட்டது. கம்பெனியில் ஏதோ கோளாறாம், திரும்ப வாங்குகிறார்களாம் என்று சொல்லிவிடலாமே என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “எந்தக் கம்பெனி டீச்சரே? தூக்கிப் பாத்தது நானில்லியா?”

அன்று மாலை ஆராதனையிலேயே, அறிவிப்புகள் வாசித்து முடித்ததும் போதகரிடம் அனுமதி கேட்டு எழுந்தார். இல்லை, ஏற்கெனவே சுவரோரம் நின்றுகொண்டுதான் இருந்தார், இரண்டடி முன்னால் வந்தார். “நான் குடுத்த பவர் பேங்கு நல்லதில்ல. கனமா இருந்துன்னு எடுத்தேன். உள்ள மண்ணு” என்றார். சபை முழுக்கச் சிரித்தது. பாட்டுக் குழுப் பெண்கள் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். அவர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். நிற்பதில் அவருக்கு யார் நிகர்? பிறகு சொன்னார். “சிரிச்சது செரி. வீட்டுல போன உடனே அத சார்ஜுல இருந்து எடுங்க. நான் வந்து வாங்கிக்கிடுகேன்.”

ஆராதனை முடிந்ததுமே வாளியோடு கிளம்பினார். நானும் கூடப் போனேன், சிரித்த பாவத்துக்கு. ஒரு வீட்டில் அதை அட்டைப்பெட்டியோடு ஷோகேஸில் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மேலே இருந்த பிளாஸ்டிக் தாளைக்கூடக் கிழிக்கவில்லை. அழகாக இருக்கிறது, தர மாட்டோம் என்றார்கள், கடைசியில் வெறும் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் காற்றுக்கு அடிக்கிற கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். “நல்ல கனம் அண்ணே. இத எடுத்தா கதவு அடிக்கும்” என்று அந்த வீட்டுக்காரி வருத்தப்பட்டாள். அண்ணன் பின்பக்கம் போய் ஒரு கருங்கல்லைத் தேடி எடுத்து, கழுவி, அந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தார். என்னுடையதையும் சேர்த்து எட்டு ஆயிற்று. வேறு எதையும் திறக்க விடவில்லை. “ஒண்ணத் தொறந்தது அறிவுக்கு. இனி தொறந்தா அது வேடிக்கைக்கு” என்றார்.

ஒன்பதாவது, கண்டக்டர் மச்சானுடையது.

“பொண்ணக் கெட்டிக் குடுத்த வீட்டுக்கு வந்து குடுத்த சாமானத் திருப்பிக் கேக்கியா? நாணமில்லியாலே?” என்று கட்டிலில் படுத்தபடியே கேட்டார். அவர் தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு அதை மெத்தைமேல் வைத்து, சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவார். தேங்காய்நார் மெத்தை. அண்ணன் கெஞ்சினார். மணலைக் காட்டினார். “எனக்கதுல மண்ணு இருக்காது. எனக்க யோகம் அப்பிடி” என்றார் மச்சான். மைனி போய் அழுதே பார்த்தார். நடக்கவில்லை.

அப்புறம் அண்ணன் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். மூன்று மணிக்கு மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் மச்சானின் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே நின்றார். மச்சான் தூங்கி எழுந்து ஒயரைப் பிடுங்குகிறவரை நின்று, அதற்கு மேலும் அரை மணிநேரம் நின்று, பிறகு வந்தார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். மழை பெய்தால் குடையோடு. தெருவே அந்த நேரத்தில் கடைக்குப் போகிற சாக்கில் அந்தப் பக்கமாக நடந்தது. “ஒம்பதாவது கெடச்சா?” என்று கேட்காத ஆள் இல்லை. “இல்ல” என்பார். எட்டையும் நாகர்கோவிலில் பழைய பேட்டரி எடுக்கிற இடத்தில் அவர் கொடுத்துவிட்டு வந்த அன்றும் கேட்டார்கள். “ஒண்ணு கெடைக்கல்ல” என்றார். இருபத்திரண்டு வருடம் ஒரு தீகூட இல்லை என்று பெருமைப்பட்ட மனிதர் தன் வாயாலேயே அதைச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு மச்சான்மேல் கோபம் கோபமாக வந்தது.

மூன்று வாரம் இப்படியே போனது. ஒரு விடுமுறை நாளில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் எடுத்துக்கொண்டு, மச்சானை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றே போனேன். கோபத்தில் கிழங்குக்குப் போட்ட மஞ்சள்கூட அன்றைக்குக் கொஞ்சம் அதிகம். ஜன்னலுக்கு வெளியே அண்ணன் நின்றுகொண்டிருந்தார். உள்ளே மச்சான் தூங்கவில்லை, தலையணையில் சாய்ந்துகொண்டு உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். எந்த வருடமோ குலசேகரம் பஸ்ஸில் ஒருவர் பலாப்பழத்துக்கு டிக்கெட் எடுக்க மாட்டேன் என்று சண்டை போட்ட கதை. அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இருவரும் சேர்ந்து சிரித்ததை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

உள்ளே போய்க் கிண்ணத்தை வைத்தேன். சுவர் பிளக்கிலிருந்து வந்த ஒயர் மெத்தைமேல் போய் ஒரு துண்டுக்கு அடியில் நுழைந்திருந்தது. துண்டை விலக்கினேன். ஒயரின் நுனியில் ஒன்றுமே இல்லை.

மச்சான் சட்டென்று என் கையைப் பிடித்தார். பஸ் முழுக்கக் கேட்கிற அந்தக் குரல் காதுக்குள் கேட்கிற அளவுக்குச் சுருங்கிவிட்டது. “சொல்லிராதிங்க டீச்சர். அவன் மொத நாளு வந்துட்டுப் போன உடனேயே எடுத்து, பொறத்தால சட்டியில மண்ணு நிறச்சு அதுக்குள்ள போட்டாச்சு. அவன் தீய்யப் பத்திச் சொன்னா அது செரியாத்தான் இருக்கும். குடுத்தா நாளைக்கி வரமாட்டான்லா.”

நாலு வார்த்தை கேட்க வந்தவள் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தேன். கிழங்கைப் பரிமாறிவிட்டு வெளியே வந்தேன்.

அண்ணனின் அரை மணிநேரம் முடிகிறவரை காத்திருந்தேன், திரும்பி வரும்போது அவரும் கூட நடந்து வந்தார். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன். ஆனாலும் மனது கேட்கவில்லை. ஊர் முழுக்க இவரைப் பார்த்துச் சிரிக்கிறது, ஒரு சொல் சொன்னால் தீர்ந்துவிடும். “அண்ணே, இனி நீங்க போவாண்டாம். அது...” என்று இழுத்தேன்.

“பொறத்தால சட்டியில கெடக்கு” என்றார் அவர்.

நான் நின்றுவிட்டேன்.

“ரெண்டாம் நாளே தெரியும் டீச்சரே. சார்ஜு ஏறினா செவப்பு லைட்டு மினுங்கும், துண்டு மூடினாலும் தெரியும். மினுங்கல்ல. பொறத்த போயிப் பாத்தேன். நல்லாத்தான் வச்சிருக்கான். தெனமும் அதயும் ஒருக்கப் பாத்துட்டுத்தான் வாறேன்.”

“அப்ப எட்டு எடுத்தாச்சு, ஒண்ணு கெடைக்கல்லன்னு எதுக்கு அண்ணே எல்லாருட்டயும் சொல்லுதிய? உங்க பேரு என்னாவும்?”

“ஆளுவ சிரிச்சா சிரிச்சிட்டுப் போவட்டு டீச்சரே. தங்கச்சி மாப்பிளைய வா, வந்து இரின்னு அவன் வாயால ஒரு நாளும் கூப்பிட மாட்டான். நானும் காரணமில்லாம அவனுக்க வீட்டுப் படி கேற மாட்டேன்.” வழியில் கிடந்த ஒரு காய்ந்த ஓலையை ஓரமாக இழுத்துப் போட்டார். “மூணு வருசமாட்டு அவன் ஒத்தைக்கில்லா கெடக்கான்.”

அந்தத் தெருவிலேயே அவரைப் பார்த்து அதிகம் சிரித்தவள் நான். அன்றைக்கு அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மறுநாள் கடையில் ஒருவர், “டீச்சர், உங்க அண்ணனுக்கு ஒம்பதாவது கெடச்சா?” என்று கண்ணடித்துக் கேட்டார். இல்லை, இன்னும் கிடைக்கவில்லை என்று சொன்னேன்.